இடக்கையால் பேசும் மகள்

அன்புள்ள அக்காவுக்கு,

நிலாவெளியிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேளாது. இந்த வருடம் தை மாதத்திலிருந்து சைகை மொழி வகுப்புக்குப் போகிறாள். அவளோடு சேர்ந்து நானும் கற்கிறேன். அவள் இடக்கைக்காரி. சைகைகள் எல்லாவற்றையும் இடக்கையாலேயே செய்கிறாள். வலக்கையால் செய்தால்தான் மற்றவர்களுக்கு விளங்கும் என்று ஆசிரியை ஒவ்வொரு முறையும் திருத்துகிறார். பெரியவர்களுக்கு முன்னால் இடக்கையை நீட்டிப் பேசுவது மரியாதையில்லை என்பது என் மாமியாரின் கவலை. இப்படியே விட்டால் மூளையில் மொழி சரியாகப் படியாது என்று உறவினர் ஒருவர் சொல்லிப் பயமுறுத்திவிட்டார். வருட முடிவில் வகுப்புப் பிள்ளைகள் மேடையில் வரிசையாக நின்று ஒரு பாட்டைச் சைகையில் செய்யப்போகிறார்கள். அதற்குள் அவளுடைய கையை மாற்றிவிட வேண்டுமாம். ஆனால் திருத்தினால் அவள் இரண்டு கைகளையும் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்துவிடுகிறாள். நீங்களும் இடக்கைக்காரி என்றும் உங்கள் அண்ணாவுக்குக் காது கேளாது என்றும் முன்பு எழுதியிருந்தீர்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

ஒரு தாய், நிலாவெளி

அன்புள்ள தங்கைக்கு,

மகளின் கையை மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது அவள் கைகளைப் பாவாடைக்குள் மறைத்துக்கொள்கிறாள் என்ற வரிதான். காது கேட்கும் பிள்ளை ஒன்று ஒவ்வொரு சொல்லுக்கும் திருத்தப்பட்டு வாயை மூடிக்கொண்டால் நாம் எவ்வளவு பதறுவோமோ, அவ்வளவு பதற வேண்டிய செய்தி அது. அவளுக்குக் கைகளே வாய்.

மற்றவர்களுக்கு விளங்காது என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது நல்ல எண்ணத்தோடு சொல்லப்படுகிற தவறு. வாஷிங்டனில் காது கேளாதவர்களுக்கான காலுடெட் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த வில்லியம் ஸ்டோகோ, தம் மாணவர்களின் சைகைகளை ஒரு மொழியாகக் கருதி ஆராய்ந்து, ஒவ்வொரு சைகையும் கையின் வடிவம், அது செய்யப்படும் இடம், அதன் அசைவு என்னும் மூன்று கூறுகளால் ஆனது என்று 1960இல் எழுதினார். உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பின்னர் வந்தவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். இவற்றில் ஒன்று மாறினால் பொருளும் மாறக்கூடும். வலி, வழி, வளி என்ற மூன்று சொற்களில் ஒரேயோர் ஒலி மாறுவதால் நோவும் பாதையும் காற்றுமாகப் பொருள் பிரிந்துவிடுகிறதல்லவா, அதைப் போன்றது. ஆனால் எந்தக் கை என்பது அந்தக் கூறுகளில் ஒன்றாக வரவில்லை. நீங்கள் சொன்னாலும் உங்கள் கணவர் சொன்னாலும் ‘வழி’ வழிதான். குரலின் கனம் வேறு, சொல் ஒன்று. சைகை மொழியில் வலக்கையும் இடக்கையும் அந்தக் குரல் வேறுபாட்டைப் போன்றவை. சைகை மொழியில் வளர்ந்தவர்கள் இடக்கைக்காரரைப் பார்த்துத் தடுமாறுவதில்லை. அவர்களே ஒரு கையில் குடையோ பையோ குழந்தையோ இருக்கும்போது மறு கைக்கு மாறிப் பேசிக்கொண்டு போகிறார்கள்.

இரண்டு கைகளும் வேண்டியிருக்கிற சைகைகளைப் பற்றி உங்கள் ஆசிரியையோடு அமைதியாகப் பேசிப் பாருங்கள். அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்த ராபின் பாட்டிசன் 1978இல் இவற்றின் ஒழுங்கை விளக்கியிருக்கிறார். இரண்டு கைகளும் தனித்தனியே அசைந்தால் இரண்டும் ஒரே வடிவத்தில் இருக்கும், ஒரே அசைவைச் சேர்ந்தோ மாறி மாறியோ செய்யும். இரண்டின் வடிவமும் வேறானால் ஒரு கை அசையாமல் தளமாக நிற்க, மற்றது வேலை செய்யும். அந்தத் தளக் கைக்கு வாய்க்கும் வடிவங்களும் விரித்த கை, மூடிய கை, நீட்டிய ஒரு விரல் என்று எளிமையானவையே. மீன் வெட்டும்போது ஒரு கை மீனை அழுத்திப் பிடித்திருக்க மறு கை கத்தியை ஓட்டுவதைப் போன்ற ஏற்பாடு இது. உங்கள் மகளின் கைகளை மாற்றினால், நுட்பமாக அசையத் தெரிந்த கை சும்மா கிடக்க, பழக்கமில்லாத கை நுட்பமான வேலையைச் செய்ய வேண்டிவரும். அப்போது வடிவம் குலையும், அசைவு தெளிவிழக்கும். ஆசிரியை அஞ்சுகிற விளங்காமை உண்மையில் அங்கேதான் பிறக்கும். பிரித்தானிய முறையில் ஆங்கில எழுத்துகளை விரல்களில் காட்டும்போதும் இதே கதைதான். வலக்கைக்காரர் தம் இடக்கையின் ஐந்து விரல் நுனிகளை, பெருவிரலில் தொடங்கி, ஐந்து உயிரெழுத்துகளுக்காக வலச் சுட்டுவிரலால் தொடுவார். உங்கள் மகள் வலக்கை விரல்களை இடச் சுட்டுவிரலால் தொட்டால் போதும், எழுத்து மாறாது.

அவள் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு ஒன்று உண்டு. இடக்கையை முதன்மைக் கையாகக் கொண்டால் தொடர்ந்து அதையே கொள்ள வேண்டும். ஒரு வாக்கியத்தின் நடுவில் காரணமில்லாமல் கை மாறி மாறி வந்தால், பார்ப்பவருடைய கண் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேட நேரும். வகுப்பில் வலக்கை, வீட்டில் இடக்கை என்று அவளைப் பிரித்தால் இந்தத் தடுமாற்றம்தான் பழக்கமாகும்.

இனி, உங்களை எச்சரிக்க வேண்டிய இடம். இதை நான் என் பிழையிலிருந்து சொல்கிறேன். என் அண்ணா வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தவன். அங்கிருந்த பிள்ளைகளிடம் கற்ற சைகைகளை விடுமுறையில் வந்து எனக்குக் கற்றுத் தந்தான். அவனுக்குப் பதினைந்து வயது, எனக்குப் பத்து. அவன் வலக்கைக்காரன், நான் அவனுக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணாடியில் தெரியும் உருவத்தைப் பின்பற்றுவது போல அவன் வலக்கை செய்ததை என் இடக்கையால் அப்படியே செய்தேன். வலக்கைக்காரப் பிள்ளைகள் எதிரே நிற்பவரின் கையை மனத்துக்குள் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். எனக்கு அந்த வேலையே இருக்கவில்லை, ஆகையால் விரைவாகக் கற்றேன். அந்த விரைவில் ஒரு பிழையும் சேர்ந்து வந்ததை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. அவன் ‘வலப்பக்கம்’ என்று தன் வலப்புறமாகக் கையை நகர்த்தியபோது, எதிரே இருந்த எனக்கு அது என் இடப்புறம். நானும் என் இடப்புறமாகவே கையை நகர்த்தி, அதுதான் வலப்பக்கம் என்று படித்துக்கொண்டேன்.

ஒரு நாள் கோணேசர் கோயிலுக்கு நாங்கள் தனித்தனியே போக நேர்ந்தது. பூசை முடிந்ததும் டச் பே கடற்கரையில் சந்திப்போம் என்று அவனிடம் சொன்னேன். கோயிலுக்குப் போகும் வழியில் உள்ள பிரட்ரிக் கோட்டையின் வாசலை நோக்கி நின்றால் அந்தக் கடற்கரை வலப்புறம் இருக்கிறது, இடப்புறம் இன்னொரு குடா. கடற்கரையின் பெயரைச் சைகையில் சொல்லத் தெரியாததால் வாசலைக் காட்டி, அதற்கு வலப்பக்கம் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு இடப்பக்கம் கையை ஓட்டினேன். அவன் அந்தப் பக்கம் போய் நின்றான். நான் டச் பேயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து அழுதுகொண்டே வீடு திரும்பினேன். அவனைக் கூப்பிட்டால் கேட்காது என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக உறைத்தது.

சைகை செய்யும் கை மாறலாம், ஆனால் உலகத்தின் திசை மாறாது. வலம், இடம் என்று சொல்லும்போது அவள் தன் உண்மையான வலத்தையும் இடத்தையும் காட்ட வேண்டும். கோயிலை வலம் வருவதை அவள் எந்தக் கையால் காட்டினாலும், கருவறை வலப்புறம் இருக்குமாறே கை சுற்றிவர வேண்டும். கையை மாற்றியதற்காகச் சுற்றையும் மாற்றினால் அது வலம் வருதல் ஆகாது. மணிக்கூட்டின் முள்ளும் அப்படித்தான். நம் நாட்டில் வாகனங்கள் வீதியின் இடப்பக்கமாகப் போகின்றன. வீதியைக் கடப்பதைப் பற்றிப் பேசும் பிள்ளை அதைத் தலைகீழாகக் காட்டினால் அது சொற்பிழையோடு நிற்காது. இதயத்தைக் குறிக்கும் சைகையும் பெரும்பாலும் நெஞ்சின் இடப்பக்கத்திலேயே இருக்கும், யார் செய்தாலும்.

ஆகையால் நீங்கள் வீட்டில் இப்படிச் செய்யலாம். பொதுவான சைகைகளை அவளுக்கு எதிரே உட்கார்ந்து கற்றுக் கொடுங்கள். நீங்கள் வலக்கைக்காரி, அவள் இடக்கைக்காரி என்பது அப்போது வசதியாகவே அமையும். திசை, வழி, வீட்டின் அமைப்பு, கடைத்தெரு போன்றவற்றைப் பேசும்போது மட்டும் எழுந்து அவளுக்குப் பக்கத்தில், இருவரும் ஒரே திசையைப் பார்க்குமாறு உட்காருங்கள். படத்தில் வலக்கைக்காரர் ஒருவர் எதிரே பார்த்துச் செய்யும் சைகைகளையும், கண்ணாடியில் தெரியும் உருவத்தைப் பின்பற்றுவது போல அப்படியே இடக்கையால் செய்யச் சொல்லலாம். நாங்கள் இவ்வளவையும் பிற்பாடுதான் கண்டுபிடித்தோம்.

மூளையைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். பொயிஸ்னர், கிளிமா, பெலூகி ஆகிய மூவர் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட, சைகை மொழி பேசும் காது கேளாதவர்களை ஆராய்ந்து 1987இல் வெளியிட்ட முடிவுகளின்படி, மூளையின் இடப்பாதி சேதமடைந்தவர்களுக்குச் சைகை மொழி குலைந்தது. வலப்பாதி சேதமடைந்தவர்கள் படம் வரைவதற்கும் இடங்களை மதிப்பிடுவதற்கும் சிரமப்பட்டாலும் மொழியை இழக்கவில்லை. பேச்சு மொழிக்கு எந்தப் பாதி பெரும்பாலும் பொறுப்போ அதுவே சைகை மொழிக்கும் பொறுப்பு. மொழி மூளையில் இருக்கிறது, அசைகிற கையில் அல்ல. 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியில் காது கேட்கும் 326 பேரிடம் செய்த ஆய்வில், திடமான இடக்கைக்காரர்களில் 27 சதவீதத்தினருக்கும் திடமான வலக்கைக்காரர்களில் 4 சதவீதத்தினருக்கும் மொழி வலப்பாதியைச் சார்ந்திருந்தது. அவர்கள் எல்லோரும் நலமானவர்கள். இடக்கைக்காரர்களிலும் பெரும்பான்மையினருக்கு மொழி இடப்பாதியில்தான் என்பதையும் அதே எண்கள் சொல்கின்றன. பிள்ளைக்கு மொழி படியாமல் போவது, மொழி கிடைக்காமல் போகும்போதும், கிடைத்த மொழியைப் பயன்படுத்த அவள் அஞ்சும்போதும்தான்.

மாமியாரின் கவலையை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். நம் ஊரில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோருமே கொடுப்பதையும் வாங்குவதையும் வலக்கையால் செய்து வளர்ந்தவர்கள். எனக்கு விசயதசமியில் ஏடு தொடக்கியபோது அரிசியில் எழுதியது என் வலக்கை விரல்தான். ஆனால் அதற்குப் பிறகு வகுப்பறையில் இடக்கையில் பென்சிலை எடுத்தபோதெல்லாம் ஓர் ஆசிரியர் அடிமட்டத்தால் என் விரல் மொளியில் அடித்தார். இன்று நான் வலக்கையால்தான் எழுதுகிறேன். எழுதத் தொடங்கும்போது அந்த இடம் இப்போதும் ஒருமுறை சுருங்கும். மாமியாரிடம் நீங்கள் இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: திருநீறு வாங்குவதையும் பெரியவர்களுக்குத் தேநீர் நீட்டுவதையும் வலக்கையால் செய்ய அவளுக்குப் பழக்குவோம், அது மரியாதை, சைகை அவளுடைய பேச்சு, அதில் அவள் கையை நீட்டவில்லை, வாய் திறக்கிறாள். வணக்கம் சொல்வதற்கு இரண்டு கைகளும் சேர்ந்தே குவிகின்றன என்பதையும் அவரிடம் நினைவூட்டுங்கள். பேத்தி தன்னிடம் நேரடியாக எதையாவது கேட்டு, அது தனக்கு விளங்கிவிட்ட ஒரு நாளுக்குப் பிறகு அவர் கையைப் பார்க்க மாட்டார் என்று நம்புகிறேன். அவருக்கும் நாலு சைகைகளைக் கற்றுக் கொடுங்கள்.

மேடை விஷயம் இருக்கிறது. வரிசையில் நடுவில் நின்றால் அவளுடைய இடக்கையும் பக்கத்துப் பிள்ளையின் வலக்கையும் ஒரே வெளிக்குள் வந்து முட்டிக்கொள்ளும், ஆசிரியையின் சங்கடத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சபையைப் பார்த்து நிற்கும்போது வரிசையின் இடக்கோடி எதுவோ, அங்கே அவளை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள், அவளுடைய கைக்கு வேண்டிய வெளி முழுவதும் கிடைக்கும். பாட்டில் திசையோ சுற்றோ வருகிறதா என்று முன்கூட்டியே பார்த்து, வந்தால் அந்த வரிகளை மட்டும் அவளுக்குப் பக்கத்தில் நின்று பழக்குங்கள். விழாவின் திகதி தெரிந்ததும் எழுதுங்கள். அண்ணாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்; இடக்கைக்காரியோடு பேசிப் பழகிய ஒருவர் சபையில் இருப்பது அவளுக்கு நல்லது.

அன்புடன்,
அக்கா