கையெழுத்துக்கு மட்டும் மனைவியா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். தக்கலை அருகே ஒரு பழைய ஓட்டு வீடு 40 லட்சத்துக்கு விலைக்கு வருகிறது. வங்கிக் கடனில் வாங்கி, கையிலுள்ள 15 லட்சத்தில் பழுது பார்த்து, ஒரு வருடத்துக்குள் விற்க எண்ணுகிறேன். என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை என்பதால் கடனும் பத்திரமும் அவர் பெயரில் இருக்கும். கையெழுத்துப் போடும் நாளில் அழைத்துச் சென்றால் போதும். எந்த வங்கியில் வட்டி குறைவு?

பதில்: வட்டி கிடக்கட்டும். கையெழுத்துப் போடும் நாளில் அழைத்துச் சென்றால் போதும் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். வீடு விற்காமல் நின்றால் வங்கி தேடி வருவது அவரைத்தான். அதைவிடப் பெரிய சிக்கலும் உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-இன்படி, துறைக்கு முறையாகத் தெரிவிக்காமல் அவர் அசையாச் சொத்தை வாங்கவோ விற்கவோ கூடாது. அனுமதியின்றி வியாபாரத்தில் ஈடுபடவும் கூடாது. வாங்கிப் புதுப்பித்து லாபத்துக்கு விற்பதற்கு வேறு என்ன பெயர் வைக்கப்போகிறீர்கள்? விளக்கக் கடிதம் எழுதவேண்டியவர் அவர், நீங்கள் அல்ல.

உங்கள் கணக்கும் தேறாது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், வங்கியின் மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. மதிப்பீட்டாளர் முழு 40 லட்சத்தையும் ஒப்புக்கொண்டாலும் கடன் 32 லட்சம்தான். மீதி 8 லட்சம் உங்கள் கையிலிருந்து போகும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று மேலும் 3 லட்சத்து 60 ஆயிரம். எஞ்சுகிற 3 லட்சத்து 40 ஆயிரத்தில் ஓட்டைத் தாங்கும் உளுத்த கழுக்கோலை மாற்றி, ஓடு வேய்ந்து, வயரிங்கும் குளியலறையும் முடிக்க முடியுமா என்பது ஹார்டுவேர் கடைக்காரரான உங்களுக்கே தெரியும். நம் குமரி மாவட்டத்தில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. கூரை வேலை நின்றாலும் மாதத் தவணை நிற்காது. பணம் தீர்கிற அன்று உங்கள் கண் மனைவியின் நகையின் மேல் விழும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 24 மாதங்களுக்குள் விற்றால், லாபம் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கும் உள்ளாகும்.

சம்பாதிக்கும் மனைவியின் சம்பளச் சீட்டைத் தன் முதலீடாகக் கருதும் கணவனை என்னால் மதிக்க முடியாது. இந்தக் கணக்கை அவரிடம் எழுதிக் காட்டுங்கள். அவர் மறுத்தால், உங்கள் வருமான வரிக் கணக்கை வைத்து உங்கள் பெயரிலேயே, மாறும் வட்டியில் கடன் கேளுங்கள். சொந்தத் தேவைக்கான அத்தகைய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தாலும் தனிநபருக்கு அபராதம் இல்லை; உங்கள் நோக்கமோ விற்பனை என்பதால், அதை வங்கியிடம் மறைக்காமல் சொல்லி, அபராதம் உண்டா என்றும் கேளுங்கள். அந்த வருமானத்துக்கு வங்கி தர மறுத்தால் வீட்டை விட்டுவிடுங்கள். முன்பணம் கொடுத்ததாகக் கடிதத்தில் இல்லை; அவரிடம் பேசும்வரை கொடுக்கவும் வேண்டாம்.