'சாண்ட்ஸ் ஆஃப் ஐவோ ஜிமா' போர்ப் படத்தில், பசிபிக் தீவான தராவாவில் நடக்கும் சண்டையில் மட்டும் படம் புள்ளி புள்ளியாவது ஏன்?

டிஸ்க்கில் கோளாறு இல்லை, மாற்ற வேண்டாம். 1949இல் வந்த இந்தப் படத்தின் சண்டைகளில் நிஜப் போர்க்களச் சுருள்களையும் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். கையில் பிடித்து எடுத்த காட்சிகள். நகல் எடுக்க எடுக்கப் புள்ளிகள் கூடிவிடும்.

உறுதிசெய்ய, புள்ளி கூடும் ஷாட்டை நிறுத்திப் பாருங்கள். ஜான் வெய்னோ மற்ற நடிகர்களோ அதில் இருக்க மாட்டார்கள். அடுத்த வெட்டில் நடிகர் வந்ததும் படம் தெளிந்துவிடும். புள்ளிகளை மழுப்பும் டிவியின் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்து ஷார்ப்னஸைக் குறையுங்கள். முதலாவது புகையையும் மணலையும் மெழுகாக்கிவிடும்; இரண்டாவது புள்ளிகளை இன்னும் தூக்கிக் காட்டும்.

ஷாட்டின் நடுவில் கட்டம் கட்டமாக உடைந்தாலோ ஒலி அறுந்தாலோ அது டிஸ்க் பழுதுதான்.

ஐவோ ஜிமா தீவின் சுரிபாச்சி மலையில் நடக்கும் கொடியேற்றம் நடித்து எடுத்தது. கொடி மட்டும் அசல், 1945இல் அங்கே பறந்ததே. அந்த இடத்தைத் தவறவிடாதீர்கள்.