இரவிலும் தொட்டித் தண்ணீர் இறங்குகிறதே, ஆவியா ஒழுக்கா?

யாழ்ப்பாணத்துப் புத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வெங்காயத் தோட்டத்துக்கென்று 20 அடி நீளம், 15 அடி அகலம், 4 அடி ஆழத்தில் சீமெந்துத் தொட்டி கட்டினேன். தென்மேற்கிலிருந்து காற்று வீசும் இந்தச் சோளகக் காலத்தில் தண்ணீர் எடுக்காத நாளிலும் அரை அங்குலம் இறங்குகிறது, அதில் பாதி இரவில். அடித்தளத்தைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும் என்கிறார் மேசன். திபெத்து ஏரிகளில் குளிரிலும் இரவிலும்கூடத் தண்ணீர் ஆவியாகிறதாம், இதுவும் அதுதான், காசைக் கரியாக்க வேண்டாம் என்கிறான் வெளிநாட்டில் இருக்கும் மகன். யார் சொல்வது சரி?"

மகன் சொல்லும் செய்தி உண்மைதான். ஆனால் நீங்கள் தந்த அளவைப் பார்த்தால், மேசன் நினைப்பதுபோல் இது ஒழுக்கு என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

தண்ணீர் ஆவியாக அந்த நேரத்தில் வெயில் அடிக்க வேண்டும் என்று இல்லை. நீர்ப்பரப்பின் சூடு, மேலே உள்ள காற்றின் ஈரம், காற்றின் வேகம், இந்த மூன்றும்தான் கணக்கு. இரவில் தொட்டித் தண்ணீர் 29 பாகையில் இருக்கிறது, காற்று 26 பாகை, ஈரப்பதன் 80 வீதம் என்று வையுங்கள். நீர்ப்பரப்பில் ஆவியின் அழுத்தம் 40 மில்லிபார், காற்றில் 27தான். அந்த வித்தியாசம் இருக்கும்வரை இருட்டிலும் ஆவி போய்க்கொண்டே இருக்கும்.

மலை ஏரிகளில் இது பெரிய அளவில் நடக்கிறது. திபெத்தின் நாம் சோ ஏரி 4,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. மெல்லிய காற்றைத் தாண்டி வரும் கடும் வெயிலை ஆழமான அந்த ஏரி கோடை முழுக்க உள்வாங்கி வைக்கிறது. அப்புறம் இலையுதிர் காலத்தில் காற்று குளிர்ந்து வறண்டுவிட, தண்ணீர் மட்டும் இன்னும் சூடாகவே இருக்கும். அங்கே ஆவியாதல் உச்சத்துக்குப் போவது அப்போதுதான், நடுக்கோடையில் அல்ல. இன்னொன்றும் உண்டு. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. அதனால் அதே வேகத்தில் வீசும் காற்று அங்கே ஏரியிலிருந்து நேரடியாக எடுத்துச் செல்லும் வெப்பம் குறைகிறது. ஆவியை எடுத்துச் செல்வதோ அப்படிக் குறைவதில்லை. எனவே சேர்ந்த வெப்பத்தில் பெரும்பங்கு ஆவியாகவே வெளியேறுகிறது. தென்னமெரிக்காவில் 3,812 மீட்டர் உயரத்தில் உள்ள டிட்டிகாக்கா ஏரி இழக்கும் நீரில் பத்தில் ஒன்பது பங்கு இப்படித்தான் போகிறது.

உங்கள் தொட்டிக்கும் இதே விதிதான். ஆழமான ஏரி மாதக்கணக்கில் வைத்திருந்து விடும் வெப்பத்தை 4 அடித் தண்ணீர் ஓரிரு நாளில் விட்டுவிடும், அவ்வளவுதான் வேறுபாடு. அந்தத் தண்ணீர் ஒரு பாகை குளிர்ந்தால் வெளிவரும் வெப்பம் முழுதும் ஆவியாதலுக்கே போனாலும் 2 மில்லிமீட்டர்தான் குறையும். நீங்கள் சொல்லும் கால் அங்குலம் 6 மில்லிமீட்டர். அதற்கு ஒரே இரவில் குறைந்தது 3 பாகை குளிர வேண்டும். வானத்துக்கும் வெப்பம் போவதால் உண்மையில் அதற்கும் மேலே. சோளகக் காலத்து வெக்கை இரவில் அது நடக்கும் என்று நான் நம்பவில்லை. அதோடு பகலிலும் இரவிலும் ஒரே அளவாக இறங்குகிறது என்கிறீர்கள். ஆவியென்றால் பகலில்தான் கூடுதலாகப் போக வேண்டும். ஒழுக்குக்குத்தான் இரவு பகல் கிடையாது.

எதையும் கொத்துவதற்கு முன் ஒரு வாளியை வைத்துப் பாருங்கள். தொட்டிக்குள் கற்களை அடுக்கி, அதன்மேல் வெளிர் நிற வாளியை வைத்து, வாளிக்குள்ளும் வெளியிலும் நீர்மட்டம் ஒன்றாக நிற்கும்படி நிரப்புங்கள். விளிம்பு நீருக்கு மேலே இரண்டு அங்குலத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் உள்ளே காற்றுப் படாது. காகம் குளிக்காமல் இருக்க மேலே வலை கட்டுங்கள். மழையில்லாத, இறைக்காத இரண்டு நாள் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் அடிமட்டத்தால் இரண்டு மட்டத்தையும் அளந்து எழுதுங்கள். வாளிக்குள் இறங்கியது ஆவி. தொட்டியில் அதற்கு மேல் இறங்கியது ஒழுக்கு. உங்கள் தொட்டியில் ஒரு மில்லிமீட்டர் என்பது 28 லீட்டர்.

ஒழுக்கு என்று தெரிந்தாலும் அடித்தளத்தை உடனே கொத்த விடாதீர்கள். நிரப்பாமல் சில நாள் விட்டு, எந்த மட்டத்தில் இறக்கம் மெதுவாகிறது என்று பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் அந்த உயரத்துச் சுவரில் இருக்கும், அந்த இடத்தை மட்டும் பூசினால் போதும். அடிவரை ஒரே சீராக இறங்கினால் மேசன் சொன்னதைச் செய்யுங்கள்.

ஆவிதான் என்றால் சோளகம் வரும் பக்கம் கிடுகு வேலி, மேலே நிழல்வலை, இரண்டும் போதும். எண்ணெய் ஊற்றச் சொல்வார்கள், வேண்டாம். எது எப்படியானாலும், ஆவியாகும் தண்ணீர் உப்பை உள்ளேயே விட்டுப் போகும். நம் கிணற்றுநீரில் சுண்ணாம்பு ஏற்கெனவே அதிகம். ஆகவே மேலே மேலே நிரப்பிக்கொண்டே இருக்காமல், இடைக்கிடை தொட்டியை முழுதாகக் காலிசெய்து கழுவிவிட்டு நிரப்புங்கள்.