விழித்திரைக்கு ஒளி சிகிச்சையும் ஸ்டீராய்டு ஊசியும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

அப்பாவுக்கு 71 வயது. மாகுலாவில், அதாவது விழித்திரையின் நடுப்பகுதியில், புது ரத்தக்குழாய் முளைத்துக் கசிகிறதாம். ஒளி சிகிச்சையோடு ஸ்டீராய்டு ஊசியும் போடலாம் என்கிறார்கள். இரண்டும் எதற்கு, மேடம்?

வெர்டெபோர்ஃபின் மருந்தைக் கை நரம்பில் 10 நிமிடம் ஏற்றுவோம். ஏற்றத் தொடங்கிய 15-வது நிமிடத்தில் 689 நானோமீட்டர் சிவப்பு லேசரை 83 விநாடி காட்டுவோம். இது சுடுகிற லேசர் இல்லை. குழாயில் தங்கிய மருந்தை ஒளி உசுப்பிவிட, குழாய் உள்ளுக்குள்ளேயே அடைபடும். ஆனால் அடைபட்ட இடம் சும்மா இருக்காது; வீங்கும், மறுபடி குழாய் முளைக்கவும் தூண்டும். அந்த வீக்கத்தை அடக்கத்தான் ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டைக் கண்ணுக்குள் ஊசியாகப் போடுகிறோம், பெரும்பாலும் 4 மில்லிகிராம். இப்படிச் சேர்த்துக் கொடுத்தபோது ஒளி சிகிச்சையைத் திரும்பத் திரும்பச் செய்வது குறைந்தது.

ஆனால் 2006-ல், புதுக் குழாய் முளைப்பதைத் தடுக்கும் ரானிபிசுமாப் ஊசி வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. இன்று முதலில் போடுவது அந்த வகை ஊசிதான். ஆசியர்களிடம் அதிகம் காணும், குழாய் குமிழ் குமிழாகப் புடைக்கும் பாலிபாய்டல் வகையாக இருந்தால் அதோடு ஒளி சிகிச்சையும் சேர்ப்போம். அதனால் "அப்பாவுக்கு ஏன் ஸ்டீராய்டைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

ஊசி போட்டதிலிருந்து அம்மாவுக்குக் கண் முன்னால் கரும்பொட்டுகள் மிதக்கின்றன.

ட்ரையம்சினோலோன் வெள்ளைத் துகள்களாகத்தான் உள்ளே போகும். துகளின் நிழல் விழித்திரையில் விழுவதால் கறுப்பாகத் தெரிகிறது. மருந்து கீழே படியும், ஆனால் அம்மாவுக்கு அது மேலே இருப்பதாகப் படும். மெல்லக் கரைந்துவிடும். வலி, சிவப்பு, பார்வை மங்கல் சேர்ந்து வந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். காலை வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஓடி வாருங்கள்.

ஒளி சிகிச்சைக்குப் பிறகு இருட்டறையில் இருக்க வேண்டுமா?

வேண்டாம். 5 நாள் நேர் வெயில் மட்டும் படக் கூடாது. முழுக்கைச் சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சன்ஸ்கிரீன் உதவாது. வீட்டு விளக்கு வெளிச்சம் நல்லதுதான், தோலில் மிஞ்சிய மருந்தை அது செயலிழக்க வைக்கும். அந்த நாட்களில் பல் டாக்டரிடம் போகாதீர்கள், அந்த விளக்கு கடுமையானது.

எனக்கு சென்ட்ரல் சீரஸ், விழித்திரைக்கு அடியில் நீர் கசிந்து தேங்கும் நோய். எனக்கும் ஸ்டீராய்டு ஊசி போடலாமா?

கூடவே கூடாது. உங்கள் நோயை ஸ்டீராய்டு கிளப்பிவிடும். ஆஸ்துமா இன்ஹேலர், முழங்கால் ஊசி, முகத்துக்குத் தடவும் கிரீம் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையாகச் சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தாதீர்கள். நாள்பட்ட கசிவுக்குப் பாதி அளவு வெர்டெபோர்ஃபினோடு, ஸ்டீராய்டு இல்லாமல், ஒளி சிகிச்சை கைகொடுக்கும்.

பார்வை தெளிந்துவிட்டது. இன்னும் செக்கப் வேண்டுமா?

இங்கேதான் எனக்கு வயிறு கலங்கும். ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை ஏற்றும், கண்புரையையும் கொண்டு வரும். அழுத்தம் ஏறுவது வலிக்காது. நன்றாகத் தெரிகிறதே என்று ஐந்து மாதம் வராமல் இருந்துவிட்ட ஒரு நடத்துநருக்கு, வந்தபோது பார்வை நரம்பின் ஓரம் தேய்ந்திருந்தது. போனது திரும்பவில்லை. சொட்டு மருந்திலேயே அடக்கியிருக்கலாம். வீட்டில் யாருக்காவது கிளாகோமா (கண் அழுத்த நோய்) இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள்.

கசிவு திரும்பினால் வீட்டிலேயே தெரியுமா?

தினமும் காலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பாருங்கள். பிறகு மறு கண். நேர்க்கம்பி வளைந்தோ நடுவில் அழிந்தோ தெரிந்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்காதீர்கள்.