மலாயா, பர்மா காலத்துப் பழைய போட்டோக்கள்: கேள்வி பதில்

கே: ஐயா, தாத்தா மலாயாவிலிருந்து அனுப்பிய ஸ்டுடியோ போட்டோ. கோட்டுப் போட்டிருக்கிறார், கையில் கடிகாரம், பின்னால் பெரிய பங்களா. வருஷத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: கோட்டையும் பங்களாவையும் முதலில் ஒதுக்குங்கள். பங்களா திரைச்சீலையில் வரைந்தது. கோட்டு, சப்பாத்து, கடிகாரம்கூட ஸ்டுடியோக்காரர் மாட்டிவிட்டதாக இருக்கலாம். அதை வைத்துத் தாத்தாவின் வேலையையோ வசதியையோ முடிவு செய்யக் கூடாது.

படத்தைத் திருப்புங்கள், பின்பக்கம்தான் அதிகம் பேசும். கெட்டி அட்டையில் ஒட்டியிருந்து, அட்டை 6.3க்கு 10 செ.மீ. அளவில் இருந்தால் 'கார்ட் டி விசிட்', 10.8க்கு 16.5 என்றால் 'கேபினட்'. இரண்டும் பெரும்பாலும் முதல் உலகப் போருக்கு முந்தையவை. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பாருங்கள். வெளிச்சமான பகுதி மஞ்சளித்து, தாளின் நார் தெரிந்தால் அது ஆல்புமென், அதாவது முட்டை வெள்ளைக்கரு பூசிய தாள். அநேகமாக 1900க்கு முந்தையது. நார் தெரியாமல் வழவழப்பாக இருந்து, ஓரத்துக் கருமையில் நீலப் பளபளப்பு ஏறியிருந்தால் ஜெலட்டின் வெள்ளிப் பிரதி.

தபால் அட்டைத் தாளில் அச்சிட்டிருந்தால் ஸ்டாம்ப் ஒட்டும் கட்டத்தைக் கவனியுங்கள். 'அஸோ' (AZO, தாளின் வணிகப் பெயர்) என்ற எழுத்தைச் சுற்றி நான்கு முக்கோணமும் மேல்நோக்கி இருந்தால் தாள் 1904–1918. இரண்டு மேலும் இரண்டு கீழுமாக இருந்தால் 1918–1930. தாள் கடையில் சில வருஷம் கிடந்திருக்கலாம் என்பதால் இதைக் கீழ் எல்லையாக மட்டும் கொள்ளுங்கள். கடைசியாக, இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். தாள் நீல வெள்ளையாகப் பளிச்சிட்டால் அது 1950களிலோ பிறகோ எடுத்த பிரதி. மூலப்படம் சொந்தத்தில் வேறு யாரிடமாவது இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

கே: ரங்கூனிலிருந்து வந்த படத் தபால் அட்டை. முத்திரையில் தேதி அழிந்துவிட்டது.

ப: ஸ்டாம்பே சொல்லும். பர்மா 1937 ஏப்ரல் 1 அன்று இந்தியாவிலிருந்து பிரிந்தது. அதற்கு முன் அங்கே புழங்கியது இந்திய ஸ்டாம்ப். பிரிந்ததும் அதன் மேலேயே 'பர்மா' என்று அச்சடித்தார்கள். மலாயா, சிங்கப்பூர் அட்டைகளில் 'பி.எம்.ஏ. மலாயா' (BMA, பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம்) என்று மேலச்சு இருந்தால் ஜப்பான்காரன் போன பிறகு, 1945–48. ஸ்டாம்பை உரிக்க வேண்டாம், அட்டையோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள்.

1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு லட்சக்கணக்கானோர் நடந்தே வந்தார்கள். ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் அரக்கான் மலையைக் கடக்க முடியாது. அதனால் முன்பே ஊருக்குத் தபாலில் வந்த பிரதிகளுக்கு மதிப்பு மிக அதிகம்.

கே: கோயில் முன் எடுத்த குழுப்படம். கோயிலை வைத்துக் காலம் சொல்லலாமா?

ப: சொல்லலாம். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் மூன்று நிலைக் கோபுரம் தெரிந்தால் 1903க்கும் 1925க்கும் இடையில். இன்றுள்ள கோபுரம் 1925இல் எழும்பியது. பத்துமலையில் மரப்படிகள் 1920இல் வந்தன. கான்கிரீட் படி அதற்குப் பிறகு.

கே: ரப்பர் தோட்டத்தில் வரிசையாக நிற்கிறார்கள். பின்பக்கம் ஒன்றுமே எழுதவில்லை.

ப: ஆட்களுக்குப் பின்னால் உள்ள மரத்தைப் பாருங்கள். நட்டு ஐந்து முதல் ஏழு வருஷம் கழித்துத்தான் பால் வெட்டுவார்கள். நடுக்கோட்டின் இருபுறமும் சாய்வாகப் பல வெட்டுகள் இருந்தால் பழைய முறை. ஒரே சாய்வு வெட்டு, கீழே ஒரு மங்கு என்றால் பிந்தையது. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிந்தது. உதவித்தொகையில் ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. படத்தின் காலம் தெரிந்தால், போனவர் எந்த முறையில் போனார் என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம்.

குடையும் கோட்டுமாக நிற்பவரைக் கங்காணி என்றும், தொப்பிக்காரரைக் கிராணி (தோட்டக் கணக்கர்) என்றும் உடையை வைத்து எழுதிவிடாதீர்கள். வெள்ளைக்காரக் கம்பெனி அச்சிட்ட அட்டைகளில் 'கிளிங்', 'கூலி' என்று நம்மவரை இழிவாகக் குறிக்கும் சொற்கள் இருக்கும். அதை 'மூலக் குறிப்பு' என்று அப்படியே பதிந்துவிட்டு, உங்கள் விவரத்தைத் தனியாக எழுதுங்கள். நம் ஆட்களை அந்தப் பெயரிலேயே திரும்ப அறிமுகப்படுத்தக் கூடாது.

கே: பிரேம் கண்ணாடியில் படம் ஒட்டிக்கொண்டது. தண்ணீரில் ஊறவைக்கலாமா?

ப: கூடாது. ஈரத்தில் இளகிய ஜெலட்டின்தான் கண்ணாடியைப் பிடித்திருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு வைத்தே எடுங்கள். இருபுறமும் 45 டிகிரியில் ஒவ்வொரு விளக்கு, கேமராவுக்குப் பின்னால் பிரதிபலிப்பை மறைக்கக் கறுப்புத் துணி.

கே: ஸ்கேன் அளவு? லேமினேட் செய்யலாமா?

ப: லேமினேஷன் வேண்டவே வேண்டாம், திரும்ப எடுக்க முடியாது. சாதாரண அளவுக்கு 600 டிபிஐ, உள்ளங்கையளவுக்கு 1200. கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரில், டிஃப் (TIFF) கோப்பாக எடுங்கள். பழுப்பு நிறமும் ஓர் ஆதாரம். தூசி நீக்கம், கூர்மையாக்கம் இரண்டையும் அணைத்துவிடுங்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பெயர் எழுத 2பி பென்சில், ஓரத்தில், அழுத்தாமல். பிவிசி உறை படத்தோடு ஒட்டும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள்.

கே: நெகட்டிவில் காடி நாற்றம் அடிக்கிறது.

ப: அசிட்டேட் ஃபிலிம் சிதைகிறது. உடனே மற்றவற்றிலிருந்து பிரியுங்கள், முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள். சுருங்கி மடிப்பு விழுந்துவிட்டால் வீட்டில் சரிசெய்ய வழியில்லை.

கே: இதே தோட்டத்தின் வேறு படங்கள் எங்கே கிடைக்கும் ஐயா?

ப: சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் படங்களை இணையத்தில் தேடலாம். கோலாலம்பூரில் அர்கிப் நெகாரா (மலேசிய தேசிய ஆவணக் காப்பகம்), கேம்பிரிட்ஜில் ராயல் காமன்வெல்த் சொசைட்டி தொகுப்பு. சுமத்ராவின் டெலி தோட்டங்கள் என்றால் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத் தொகுப்பு. ஆங்கிலத்தில் பழைய பெயரைப் போட்டுத் தேடுங்கள்: தெலுக் இந்தானுக்கு டெலுக் ஆன்சன், கிள்ளான் துறைமுகத்துக்குப் போர்ட் ஸ்வெட்டன்ஹாம், செபராங் பெராய்க்குப் பிராவின்ஸ் வெல்லஸ்லி.