நோட்டரி முத்திரை இருந்தும் பட்டா ஏன் மாறவில்லை?

கேள்வி: காவேரிப்பட்டினம் பக்கம் அப்பா சம்பாதித்து வாங்கிய இரண்டு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. அப்பா, அம்மா இருவரும் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார்கள். அக்காவும் தங்கையும் மூன்று வருடம் முன்பு 20 ரூபாய் முத்திரைத்தாளில் 'எங்கள் பங்கை அண்ணன் தம்பி உறவில் விட்டுக்கொடுக்கிறோம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். தங்கை பெங்களூரில் இருப்பதால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். கிருஷ்ணகிரியில் நோட்டரி முத்திரை வாங்கினோம். என் பெயருக்கு மட்டும் பட்டா தர முடியாது என்கிறார்கள். புதிதாக ஒரு நோட்டரி பத்திரம் போட்டால் போதுமா ஐயா?

பதில்: போதாது. எத்தனை நோட்டரி முத்திரை குத்தினாலும் நிலத்தின் பங்கு கைமாறாது.

இன்னார் என் முன்னால் கையெழுத்துப் போட்டார் என்று சான்று சொல்வதுதான் நோட்டரியின் வேலை. பிரமாணப் பத்திரம், பெயர் வித்தியாசத்துக்கான உறுதிமொழி, ஜெராக்ஸுக்கு உண்மை நகல் சான்று, இதற்கெல்லாம் அவரிடம் போகலாம். ஆனால் 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தை, 1908-ம் வருடப் பதிவுச் சட்டம் 17-வது பிரிவின்படி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தே ஆகவேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் மூவருக்கும் சம பங்கு. இன்றைக்கும் அக்கா, தங்கை பங்கு அவர்களிடமேதான் இருக்கிறது. அதனால் பட்டா மறுத்ததில் தவறில்லை.

பழைய தாளையே இப்போது பதியலாமா என்றால், அதுவும் முடியாது. கையெழுத்தான நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். அபராதத்தோடு இன்னும் நான்கு மாதம் கிடைக்கும், அவ்வளவுதான்.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறு விஷயம். தங்கை நோட்டரி முன்னால் வரவே இல்லை. வராதவர் வந்து கையெழுத்திட்டதாகச் சான்று வாங்கியிருக்கிறீர்கள். நாளைக்கு அவரோ, அவர் பிள்ளைகளோ 'இது எங்கள் அம்மா கையெழுத்தே இல்லை' என்றால் உங்களுக்குத்தான் தலைவலி. அந்தத் தாளை இனி எந்த அலுவலகத்திலும் நீட்டாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? அக்கா, தங்கை இருவரும் சேர்ந்து உங்களுக்கு ஒரு விடுதலைப் பத்திரம், அதாவது தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம், எழுதித் தரட்டும். குடும்பத்துக்குள் எழுதுவதால் முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. முத்திரைத்தாளும் நோட்டரியும் மலிவு என்று இந்தச் செலவைத் தவிர்த்தால், பின்னால் சிவில் கோர்ட்டில் வருடக்கணக்கில் அலைய நேரும். தங்கைக்கு ஏதாவது தொகை தருவதாகப் பேசியிருந்தால் வங்கி வழியாகக் கொடுத்து, பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். மனப்பூர்வமாக விடுகிறார்களா என்று இருவரிடமும் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். அவர்களுக்கும் அது அப்பா தோட்டம்தானே.

தங்கை ஒரே ஒரு நாள் வந்தால் போதும். பெங்களூரிலிருந்து காலையில் கிளம்பி கிருஷ்ணகிரி வந்து மாலையில் திரும்பிவிடலாம். உண்மையிலேயே வர முடியாவிட்டால், அவர் கணவர் போல நம்பிக்கையான ஒருவருக்கு, தன் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் 'பவர்' பத்திரம் எழுதட்டும். உங்கள் பெயருக்கு வேண்டாம், நீங்களே விட்டு நீங்களே வாங்கியது போலாகும். அந்தப் பவரையும் பெங்களூர் நோட்டரியிடம் முடித்துவிடக் கூடாது. இந்தியாவில் வசிப்பவர் பத்திரப் பதிவுக்காகக் கொடுக்கும் பவரை, அதே பதிவுச் சட்டத்தின் 33-வது பிரிவின்படி, அவர் குடியிருக்கும் பகுதிப் பதிவாளரோ சார்பதிவாளரோ சான்றளிக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்குத்தான் நோட்டரியோ இந்தியத் தூதரக அதிகாரியோ போதும்.

வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ்கள், அப்பா பெயரிலுள்ள மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, மூவரின் ஆதார், இரண்டு சாட்சிகள், இவற்றைத் தயார் செய்துகொண்டு, தோப்பு எந்தச் சார்பதிவாளர் எல்லையில் வருகிறதோ அங்கே போங்கள். பதிவு முடிந்த பத்திர நகலை வைத்து அப்புறம் பட்டாவுக்குப் புதிதாக விண்ணப்பியுங்கள்.