பிரேசில் 2008: கடைசி வளைவில் முடிவான பட்டம் – கேள்வி பதில்

2008 நவம்பர் 2 அன்று சாவோ பாவ்லோ நகரின் இன்டர்லாகோஸ் தடத்தில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தைப் பற்றி வேலூர், ராணிப்பேட்டை வட்டார அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான விடைகள் இவை.

காட்பாடி அன்பர்: ஐயா, ஃபெராரி ஓட்டுநர் மாசா பந்தயத்தை வென்றும் உலகப் பட்டத்தை மெக்லாரன் ஓட்டுநர் ஹாமில்டனிடம் இழந்தது எப்படி?

அது அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம். அதற்கு முன் ஹாமில்டனிடம் 94 புள்ளிகளும் மாசாவிடம் 87 புள்ளிகளும் இருந்தன. அந்நாளைய முறைப்படி முதலிடத்துக்கு 10, ஐந்தாமிடத்துக்கு 4, ஆறாமிடத்துக்கு 3 புள்ளிகள் கிடைக்கும். மாசா வென்று 97 புள்ளிகளை எட்டினார். ஹாமில்டன் ஆறாவதாக வந்திருந்தால் அவரும் 97-இல் நின்றிருப்பார். அப்போது அதிக வெற்றிகள் பெற்றவர் என்ற வகையில் பட்டம் மாசாவுக்கே போயிருக்கும். ஐந்தாவதாக வந்ததால் 98 புள்ளிகளுடன் ஹாமில்டன் சாம்பியன் ஆனார்.

ஆற்காடு அன்பர்: டொயோட்டா ஓட்டுநர் குளோக் வேண்டுமென்றே வழிவிட்டார் என்று என் அண்ணன் இன்றும் சொல்கிறார். உண்மையா?

இல்லை. இந்தப் பழி பல ஆண்டுகளாக அந்த மனிதர் மேல் கிடக்கிறது. அது நியாயமற்றது என்பதை அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன்.

பந்தயம் மொத்தம் 71 சுற்றுகள். கடைசிச் சில சுற்றுகள் இருக்கையில் மழை தூறத் தொடங்கியதும் முன்னணியில் இருந்தவர்கள் பிட்டுக்குள் (தடத்தை ஒட்டிய, டயர் மாற்றி எரிபொருள் நிரப்பும் இடம்) வந்து மழை டயர் மாற்றிக்கொண்டார்கள். டொயோட்டா அணி தன் இரு ஓட்டுநர்களான குளோக்கையும் ட்ருல்லியையும் உலர்தட டயரிலேயே ஓடவிட்டது. மழை வலுக்காமல் இருந்தால் டயர் மாற்றும் நேரம் மிச்சமாகி இடங்கள் கூடும் என்பது அவர்கள் கணக்கு; அதன்படியே குளோக் நான்காமிடத்துக்கு உயர்ந்தார். இதற்கிடையே, இரண்டு சுற்றுகள் மீதமிருக்கையில், ஒரு சுற்றுப் பின்தங்கியிருந்த ஓட்டுநர் குபிட்சா ஹாமில்டனைத் தாண்டிச் செல்ல, அந்தச் சந்தர்ப்பத்தில் ஹாமில்டனுக்குப் பின்னால் ஓடிய வெட்டலும் ஹாமில்டனை முந்திவிட்டார். ஹாமில்டன் ஆறாமிடத்துக்குச் சரிந்தார். பட்டம் மாசாவின் கைக்குப் போனது.

கடைசிச் சுற்றில் மழை கொட்டியது. அந்தச் சுற்றை முடிக்கக் குளோக்குக்கு 1 நிமிடம் 44 விநாடிக்கு மேல் ஆயிற்று. தடம் உலர்ந்திருந்தபோது மாசாவின் மிக வேகமான சுற்று 1 நிமிடம் 13.736 விநாடி. அதே டயரில் ஓடிய ட்ருல்லிக்கும் கடைசிச் சுற்றில் 1 நிமிடம் 44 விநாடிக்கு மேல்தான் ஆயிற்று என்பதைக் குற்றம் சாட்டுவோர் எவரும் பார்ப்பதில்லை. பட்டத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ட்ருல்லி யாருக்காக வேகத்தைக் குறைத்திருக்க முடியும்? கடைசி வளைவான ஜுன்சாவ் அருகே வெட்டல், ஹாமில்டன் இருவருமே குளோக்கை முந்தினார்கள். மாசா கோட்டைக் கடந்து ஏறக்குறைய 39 விநாடிகள் கழித்து ஹாமில்டன் கடந்தார். மாசாவின் குடும்பத்தார் பட்டம் கிடைத்துவிட்டதென்று ஆர்ப்பரித்தது அந்த இடைவெளியில்தான்.

அரக்கோணம் டயர் ஆலையில் பணிபுரியும் அன்பர்: அவர்களுடைய உலர்தட டயரிலும் பள்ளங்கள் இருந்தனவே, அவை தண்ணீரை வெளியேற்றவில்லையா?

தொழில் தெரிந்தவரின் கேள்வி, மகிழ்ச்சி. 1998 முதல் விதிப்படி வெட்டப்பட்ட அந்த நீளவாட்டுப் பள்ளங்கள் தண்ணீருக்காக ஏற்பட்டவை அல்ல. தரையில் படியும் ரப்பரின் பரப்பைக் குறைத்து, வளைவுகளில் வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்காக ஏற்பட்டவை. 2008-இல் முன்பக்க டயரில் நான்கு, பின்பக்க டயரில் நான்கு. நீரைப் பக்கவாட்டில் தள்ளக் குறுக்குப் பள்ளம் ஏதும் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் வெப்பம். பந்தய ரப்பர் நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும். ஈரத்தில் வேகம் குறைய, வேகம் குறைந்ததால் டயர் ஆற, ஆறியதால் பிடிப்பு மேலும் போய் வேகம் இன்னும் குறையும். வேலூர் கிரீன் சர்க்கிளில் முதல் மழையன்று தேய்ந்த டயரோடு வண்டியைத் திருப்பியவர்களுக்கு அந்தத் தவிப்பில் ஒரு பங்கு தெரிந்திருக்கும். பள்ளம் வெட்டிய உலர்தட டயர்கள் ஓடிய கடைசிப் பந்தயமும் இதுவே. 2009-இல் வழுவழுப்பான டயர்கள் திரும்பி வந்தன.

குடியாத்தம் அன்பர்: நம் நாட்டு அணி என்ன செய்தது?

ஃபோர்ஸ் இந்தியாவுக்கு அது முதல் ஆண்டு. தொடக்கத்தில் தடம் ஈரமாக இருந்தபோதே ஃபிசிகெல்லா மற்றவர்களுக்கு முன்னதாக உலர்தட டயருக்கு மாறிச் சிறிது நேரம் முன்வரிசையில் ஓடினார். இறுதியில் புள்ளி கிடைக்கவில்லை.

ராணிப்பேட்டை மாணவர்: அப்படியானால் மாசா பட்டத்தை எங்கே இழந்தார்?

என் கருத்தில் ஹங்கேரியிலும் சிங்கப்பூரிலும். ஹங்கேரியில் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது மூன்று சுற்றுகளே மீதமிருக்க இன்ஜின் பழுதானது. சிங்கப்பூரிலும் அவரே முன்னணியில் இருந்தார். பிட்டில் எரிபொருள் குழாய் கழலுவதற்குள் புறப்படச் சொல்லும் விளக்கு எரிந்ததால் குழாயோடு காரை நகர்த்தி, 13-ஆவதாக முடித்தார். அந்த அவசரமான பிட் நிறுத்தத்துக்குக் காரணம் ரெனோ ஓட்டுநர் பிக்கெட் ஜூனியரின் விபத்து. அது திட்டமிட்ட விபத்து என்பது 2009-இல் வெளிவந்தது.

சத்துவாச்சாரி அன்பர்: அதற்காகத்தான் மாசா வழக்குப் போட்டாரா?

ஆம். சிங்கப்பூர் விபத்தின் உண்மை உரிய காலத்தில் விசாரிக்கப்படவில்லை என்று மாசா 2024-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அவருடைய முறையீட்டில் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். ஆனால் அது சிங்கப்பூரைப் பற்றியது. இன்டர்லாகோஸில் ஓடிய எவர் மேலும் அதில் குற்றம் இல்லை, குளோக் மேல் அறவே இல்லை.